அழிந்தோரை நிறுத்துதல்
(பள்ளிப் பிள்ளைகளின் உயிர்காப்பு குறித்து ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு பாடம்)

இல்லறத்தில் நிற்கும் சாவகர்க்கு விதிக்கப்பட்ட தானங்கள் நான்கு. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்பன அவை. முதல் மூன்றையும் நாம் இயன்றவரை செய்து வருகிறோம். ஆலயத்தில் அன்னம் இடுகிறோம். மருத்துவ முகாமிற்குப் பொருள் தருகிறோம். அறநூல்களை அச்சிட்டு வழங்குகிறோம். நான்காவதாகிய அபய தானத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும், கொலைக்குச் செல்லும் ஆட்டை மீட்டல், கூண்டுப் பறவையைத் திறந்துவிடல் என்னும் அளவில் நின்றுவிடுகிறோம். அவையும் நல்லறமே. ஆயினும், அஞ்சி நிற்கும் உயிர் எதுவாயினும் அதற்கு அஞ்சாமையை அளித்தலே அபயம் என்னும் சொல்லின் பொருளாகும். நம் வீட்டிலோ வகுப்பறையிலோ பதினைந்து வயதில் வாழ்வதற்கே அஞ்சி நிற்கும் ஓர் உயிர் இருக்குமாயின், அதற்கு அபயம் அளிக்கும் முறை யாது? இதுவே இக்கட்டுரையின் பாடம்.

நம் அண்டை ஒன்றியம் உணர்த்தும் உண்மை

சத்துவாச்சாரியிலிருந்து கணியம்பாடி வெகு தொலைவன்று. வேலூர் – திருவண்ணாமலைச் சாலையில் செல்வோர் அவ்வூரைக் கடந்தே செல்வர். அவ்வொன்றியத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறையினர் பல்லாண்டுகளாக வீடு வீடாகச் சென்று பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்து வருகின்றனர். 1992 முதல் 2001 வரையிலான பத்து ஆண்டுகளில், ஏறத்தாழ 1,08,000 மக்கள் வாழ்ந்த அப்பகுதியில், 10 முதல் 19 வயது வரையுள்ளோரின் இறப்புகளை அவர்கள் ஆராய்ந்தனர். தற்கொலையால் இறந்தோர் ஆண்டுக்கு இலட்சம் பேருக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டபோது, பெண்பிள்ளைகளில் 148 என்றும், ஆண்பிள்ளைகளில் 58 என்றும் தெரியவந்தது. அவ்வயதுப் பெண்பிள்ளைகளின் இறப்புகளில் பாதியும் அதற்கு மேலும் இவ்வாறு நேர்ந்தவை. ஆண்பிள்ளைகளின் இறப்புகளில் ஏறத்தாழக் கால்பங்கு. இம்முடிவுகள் 2004 ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் இடம்பெற்று, உலகின் கவனத்தை நம் வட்டாரத்தின்பால் ஈர்த்தன.

இது கடந்த காலக் கணக்கு. இன்றைய நிலையும் இதுவே என்று கொள்ளலாகாது. எனினும் இக்கணக்கு வெளிவந்த விதத்தில் நமக்கு ஒரு பாடம் உண்டு. காவல் நிலையப் பதிவை மட்டும் நம்பியிருந்தால் இவ்வுண்மை முழுமையாக வெளிப்பட்டிராது. ஊராரின் நம்பிக்கையைப் பெற்ற நலப்பணியாளர் துக்க வீட்டிற்குச் சென்று, பதற்றமின்றி, பழியின்றி வினவினர். அதனால் குடும்பத்தார் உள்ளதைச் சொன்னார்கள். கேட்கத் தெரிந்தவர் கேட்டதனால் உண்மை வந்தது. இறந்தவரைப் பற்றி அவ்வாறு கேட்க இயலுமாயின், உயிருடன் நம் எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் முன்னதாகவே கேட்க இயலாதா?

நாடு முழுவதற்குமான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022 ஆம் ஆண்டில் தற்கொலையால் இறந்த மாணவர் 13,044 பேர். மாநில வரிசையில் மகாராட்டிரத்திற்கு அடுத்து நின்றது நம் தமிழ்நாடு. ஆதலின் இது எங்கோ யாருக்கோ நேர்வது என்று நாம் ஒதுங்கியிருத்தல் பொருந்தாது.

நற்காட்சியின் இரண்டு உறுப்புகள்

நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு என்பதை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். அவற்றுள் இரண்டு இப்பாடத்திற்கு அடிப்படை. ஒன்று உபகூஹனம், பிறருடைய குறையைத் தூற்றாது மறைத்தல். மற்றொன்று ஸ்திதிகரணம், நிலை தளர்ந்தவரை மீண்டும் நிலைநிறுத்தல். தமிழில் இதனை ‘அழிந்தோரை நிறுத்துதல்’ என்று வழங்குவர். இங்கு அழிதல் என்பது மனம் உடைதல். மனம் உடைந்தவரை வீழவிடாது பிடித்து நிறுத்துவது நற்காட்சியின் உறுப்பு என்றால், அது விரும்பினால் செய்யும் உதவி அன்று. உறுப்பு குறைந்தால் உடல் குறைபடுவது போல, இது குறைந்தால் நற்காட்சியே குறைபடும்.

ஸ்திதிகரணத்திற்கு எடுத்துக்காட்டாகப் பெரியோர் கூறுவது வாரிஷேண முனிவர் வரலாறு. சிரேணிக மன்னரின் மகனாகிய வாரிஷேணர் துறவு பூண்டார். அவர் நண்பன் புஷ்படாலனும் அவரைப் பின்பற்றித் துறவு மேற்கொண்டான். ஆண்டுகள் பல கடந்தும் புஷ்படாலன் தன் மனைவியை மறக்க இயலாது உள்ளம் தளர்ந்தான். அதனை வாய்விட்டு அவன் சொல்லவில்லை. வாரிஷேணரே குறிப்பால் உணர்ந்தார். உணர்ந்தவர் கடிந்துரைக்கவில்லை, சங்கத்தார் முன் நிறுத்தி நாணச் செய்யவுமில்லை. அவனோடு தாமும் நடந்து தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்றார். தாம் துறந்து வந்த செல்வத்தையும் சுற்றத்தையும் அவனுக்குக் காட்டினார். புஷ்படாலன் தானே தெளிந்து, மீண்டும் தன் நிலையில் உறுதியாக நின்றான்.

இவ்வரலாற்றில் ஆசிரியர் கற்கவேண்டியவை மூன்று. தளர்ந்தவன் சொல்லும் முன்பே அவன் தளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. பலர் அறிய இழிவுபடுத்தாமல் அது கையாளப்பட்டது. ‘நீயே போய்த் தேறி வா’ என்று அவன் தனியே விடப்படவில்லை. நண்பர் உடன் நடந்தார்.

உபகூஹனத்தைக் குறித்து இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. நம்மிற் பலர் இவ்வுறுப்பைப் பிழைபடக் கொள்கிறோம். வீட்டுப் பெண் ‘சாக வேண்டும் போலிருக்கிறது’ என்று சொன்னால், ‘வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்?’ என்று மறைக்கிறோம். பையன் ஒருமுறை உயிரை மாய்க்க முயன்று பிழைத்தால், வயிற்றுவலி என்று சொல்லிச் சிகிச்சையை இரண்டே நாளில் முடித்துக்கொள்கிறோம். இது உபகூஹனம் அன்று. உபகூஹனம் மறைப்பது ஒருவனுடைய குறையை, ஆபத்தை அன்று. ஊர் வாயிலிருந்து பிள்ளையைக் காப்பது உபகூஹனம். உதவக்கூடியவரிடமிருந்து பிள்ளையின் துன்பத்தை மறைப்பது ஸ்திதிகரணத்திற்கே பகையாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதலே இப்பாடத்தின் உயிர்நாடி.

நான்கு படிகள்

முன்னாளில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடக்குறிப்பு எழுதக் கற்றோம்; கரும்பலகையைப் பகுத்துப் பயன்படுத்தக் கற்றோம்; குழந்தை உளவியலும் ஒரு தாளாக இருந்தது. ஆனால் ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று ஒரு பிள்ளை சொன்னால், ஆசிரியர் அடுத்துச் சொல்லவேண்டிய சொல் யாது என்பது அப்பாடத்திட்டத்தில் இல்லை. அதனைக் காணல், கேட்டல், உடனிருத்தல், ஒப்படைத்தல் என்னும் நான்கு படிகளாக இங்கே தருகிறோம்.

முதற்படி: காணல். கவனிக்க வேண்டியது மாற்றத்தை. கலகலப்பாக இருந்தவள் ஒதுங்குகிறாள். நன்றாகப் படித்தவன் திடீரெனப் பின்தங்குகிறான். உறக்கமின்றிக் கண் சிவந்து வருகிறான். உணவுப் பொதியைத் திறவாமலே கொண்டு செல்கிறாள். தனக்கு மிக விருப்பமான பேனாவையும் புத்தகத்தையும் தோழியருக்குக் கொடுத்துவிடுகிறாள். ‘இனி உங்களுக்குத் தொல்லை இராது’ என்று பேசுகிறான். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் சாவைப் பற்றி எழுதுகிறான். நெடுநாள் வாடியிருந்தவர் காரணமின்றித் திடீரென அமைதியாகிவிடுதலும் சில வேளைகளில் கவனத்திற்குரியது. இவற்றுள் ஒன்று காணப்பட்டதனாலேயே ஆபத்து என்று முடிவு கட்ட வேண்டுவதில்லை. ஆனால் அழைத்துப் பேசுவதற்கு ஒன்றே போதும். அடங்கி ஒடுங்கி இருக்கும் பெண்ணை ‘நல்ல பிள்ளை’ என்று பாராட்டிவிட்டு அப்பால் செல்கிறோமே, அவள் தன் துன்பத்தையும் அடக்கியே வைத்திருக்கக்கூடும்.

இரண்டாம் படி: கேட்டல். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்று கொள்க. தாய் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்தில் இராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ ஷூ கம்பெனி வேலைக்குச் செல்கிறாள். மாலையில் பூட்டிய வீட்டிற்குத்தான் பிள்ளை திரும்புகிறாள். தோல் தொழில் நம் அறத்திற்கு ஏற்றதன்று என்று நாம் விலகி நிற்கிறோம். ஆனால் அத்தொழிலால் வாழும் குடும்பத்துப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்தே படிக்கிறார்கள். அபய தானத்திற்குக் குலமும் தொழிலும் தடையில்லை. ஆசிரியை அம்மாணவியைத் தனியிடத்தில், ஆனால் பிறர் கண்ணுக்குத் தெரியும்படி, அமர்த்திப் பேசுகிறார்.

“என்னம்மா, சில நாளாக நீ பழையபடி இல்லையே. உட்கார், பேசலாம்.”

“ஒன்றுமில்லை டீச்சர்.”

“அவசரமில்லை. இந்தப் பீரியடு எனக்கு ஓய்வுதான்.”

சற்று நேரம் மௌனம். ஆசிரியை அதனைக் கலைக்கவில்லை.

“நான் இருந்து யாருக்கு என்ன பயன் டீச்சர்?”

“அப்படித் தோன்றும் அளவுக்கு வேதனைப்பட்டிருக்கிறாய். இவ்வளவு வேதனை இருக்கும்போது சிலருக்கு உயிரை விட்டுவிடலாம் என்றுகூட எண்ணம் வரும். உனக்கு அப்படி வந்ததா, அம்மா?”

அவள் தலையசைக்கிறாள். பிறகு, “அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்” என்கிறாள்.

“நீ சொன்னதை வகுப்பிலோ ஆசிரியர் அறையிலோ பேச மாட்டேன். ஆனால் உன் உயிரைக் காக்க வேண்டியவரிடம் சொல்லாமலும் இருக்க மாட்டேன். யாரிடம் முதலில் சொல்வது, எப்படிச் சொல்வது என்று நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம். அதுவரை உன்னைத் தனியே விட மாட்டேன்.”

இவ்வுரையாடலில் ஆசிரியை எதைச் சொல்லவில்லை என்பதையும் நோக்குக. ‘சீ, இப்படியெல்லாம் நினைக்கலாமா?’ என்று அதட்டவில்லை. ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர் எத்தனையோ பேர்’ என்று ஒப்பிடவில்லை. ‘பெற்றவர்களை நினைத்துப் பார்’ என்று குற்றவுணர்வை ஏற்றவில்லை. வினைப்பயன் என்று விளக்கவுமில்லை. வினைக் கொள்கையை வகுப்பில் கற்பிக்கும் நேரம் வேறு, உடைந்த பிள்ளைக்கு முன் அமரும் நேரம் வேறு. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று பொய்ச் சத்தியமும் செய்யவில்லை.

மூன்றாம் படி: உடனிருத்தல். உயிரை விட வேண்டும் என்னும் எழுச்சி பெரும்பாலும் நெடுநேரம் ஒரே உச்சத்தில் நிற்பதில்லை. அலைபோல் எழுந்து தணியும். அவ்வேளையைக் கடத்திவிட்டால் உயிர் நிற்கும். முயன்று பிழைத்தவருள் பெரும்பாலோர் பின்னர்த் தற்கொலையால் இறப்பதில்லை என்பது மருத்துவ ஆய்வுகள் பலவும் கண்ட உண்மை. ஆதலின் ‘இன்று தடுத்தால் நாளை செய்யத்தான் போகிறாள்’ என்னும் பேச்சு தவறு. எவ்வாறு செய்வது என்றுகூடப் பிள்ளை எண்ணியிருப்பதாகத் தெரிந்தால், ஒரு நிமிடமும் தனியே விடலாகாது. ‘வீட்டிற்குப் போய்த் தூங்கு’ என்று தனியே அனுப்பவும் கூடாது. முயற்சி நிகழ்ந்துவிட்டதெனில் உடனே 108 ஐ அழைத்தல் வேண்டும்.

நான்காம் படி: ஒப்படைத்தல். ஆசிரியர் மருத்துவர் அல்லர். தாமே சிகிச்சை செய்ய முற்படலாகாது. தலைமையாசிரியர், பெற்றோர், மனநல மருத்துவர் என்னும் மூவரிடமும் முறையாகக் கொண்டு சேர்ப்பதே அவர் கடமை. வீட்டிலிருப்போராலேயே பிள்ளைக்குத் துன்பம் நேர்கிறது என்று தெரிந்தால், அவ்வீட்டாரிடம் சொல்லாமல் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தல் வேண்டும். ஒப்படைத்த பின்னும் பணி முடிவதில்லை. மறுநாள் பிள்ளை வந்ததும் ‘சாப்பிட்டாயா, அம்மா?’ என்று ஒரு சொல் கேட்பது அவசியம். சிகிச்சை பெற்றுத் திரும்பிய பிள்ளையைப் பிற பிள்ளைகள் கேலி செய்யாவண்ணம் காப்பதும், விடுபட்ட பாடங்களுக்கு அவகாசம் தருவதும் ஸ்திதிகரணத்தின் பகுதியே.

ஐயங்களும் விடைகளும்

ஐயம் ஒன்று: ‘தற்கொலை எண்ணம் உண்டா என்று நாமே கேட்டால், இல்லாத எண்ணத்தை விதைத்துவிட மாட்டோமா?’ இவ்வச்சம் இயல்பானது. ஆனால் உண்மைக்கு மாறானது. 2005 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், அமெரிக்க நாட்டில் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவரிடையே இதனைச் சோதித்தார்கள். இக்கேள்வி கேட்கப்பட்டவர்க்குக் கேட்கப்படாதவரைவிட மனத்துயரமோ தற்கொலை எண்ணமோ மிகவில்லை. முன்பே மனச்சோர்வு உற்றிருந்தவர்க்கு, கேட்கப்பட்டதனால் துயரம் சற்றுக் குறைந்ததாகவும் தோன்றியது. கேள்வி விதைப்பதில்லை, பூட்டிய கதவைத் திறக்கிறது.

ஐயம் இரண்டு: ‘சொன்னால் போலீஸ் வழக்கு வருமே?’ 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 115 ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், அவர்க்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாது தடுக்கும் பொருட்டு முயல்வது மட்டுமே குற்றமாக வைக்கப்பட்டுள்ளது. ஆகவே வழக்குக்கு அஞ்சி மறைக்க வேண்டுவதில்லை.

ஐயம் மூன்று: இது நம் பிள்ளைகளே நம்மிடம் கேட்பது. ‘சல்லேகனையில் உணவைத் துறந்து உயிர் விடுவதைப் போற்றுகிறோமே, பிறகு இது மட்டும் எப்படிப் பாவமாகும்?’ செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றத்தில், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாகப் பொறித்த பழந்தமிழ்க் கல்வெட்டைக் கண்டுவந்த பிள்ளை இக்கேள்வியைக் கேட்டால், சினந்து வாயடைத்தல் தகாது. தெளிவாக விடையளிக்க வேண்டும்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், மாற்ற இயலாத பேரிடர், பஞ்சம், முதுமை, தீரா நோய் என்பவை வந்துற்றபோது, அறத்தைக் காக்கும் பொருட்டு மேற்கொள்வதே சல்லேகனை என்று வரையறுத்தார். அன்பு, பகை, பற்று அனைத்தையும் விட்டு, சுற்றத்தாரிடம் பிழை பொறுக்க வேண்டி, குருவின் முன் மனத்தெளிவோடு படிப்படியாக ஏற்பது அது. இன்னும் ஒன்று: தத்துவார்த்த சூத்திரம் சல்லேகனைக்கு உரிய குற்றங்களைக் கூறுமிடத்து, ‘இன்னும் வாழ வேண்டும்’ என்னும் ஆசையைக் குற்றமாகச் சொல்வது போலவே, ‘விரைவில் சாக வேண்டும்’ என்னும் ஆசையையும் குற்றமாகச் சொல்கிறது. சாக விரும்புதலே அந்நோன்பைக் கெடுக்குமாயின், துயரத்தின் மிகுதியால் சாவை நாடும் எண்ணம் எவ்வாறு அந்நோன்பு ஆகும்? மேலும் சமந்தபத்திரர், உடலை வலிந்து அழித்துக்கொள்வதைப் புண்ணியம் என்று கருதுவதை உலகமூடத்துள் ஒன்றாகச் சேர்த்தார். 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் சந்தாரா நோன்பைத் தற்கொலையோடு ஒப்பக் கருதித் தீர்ப்பளித்தபோது, அம்மாதமே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இவ்விளக்கத்தோடு ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும். பிள்ளை இக்கேள்வியைத் தத்துவ ஆர்வத்தால் கேட்கிறதா, தன் துயரத்தால் கேட்கிறதா என்பதை நாம் நோக்க வேண்டும். பின்னது எனத் தோன்றினால், சாத்திர விளக்கத்தை நிறுத்திவிட்டு, ‘உனக்கு அப்படி எண்ணம் வந்ததா?’ என்று கேட்பதே முறை. தற்கொலையால் இறந்தோர் குடும்பத்தின் முன் பாவம், நரகம் என்று பேசுதலும் கூடாது. அக்குடும்பத்திற்கு அப்போது வேண்டுவது வாத்சல்யம்.

பள்ளியும் அரசும் செய்யத்தக்கன

தேர்வை ஒட்டிய துயரங்களைக் குறைக்க நம் மாநிலத்தில் சில நல்ல ஏற்பாடுகள் வந்துள்ளன. பொதுத்தேர்வில் தோல்வியுற்றவர் ஓராண்டு காத்திராமல் அவ்வாண்டே துணைத்தேர்வு எழுதிப் படிப்பைத் தொடரலாம். 2017 இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. தேர்வு முடிவு வெளிவரும் நாளில் நம் வீடுகளில் செய்யத்தக்கது எளிது: மதிப்பெண் எதுவாயினும் அன்று பிள்ளையைத் தனியே விடாதீர், துணைத்தேர்வு உண்டு என்பதை முடிவு வருமுன்பே சொல்லிவையுங்கள், உறவினர் தொலைபேசியில் மதிப்பெண் கேட்டால் நாளைக்குச் சொல்கிறோம் என்று விடை கூறுங்கள்.

2025 ஜூலை 25 இல் உச்சநீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற மாணவி ஒருவரின் இறப்பு தொடர்பான வழக்கில், நாடு முழுவதும் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு மாணவரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். மதிப்பெண் கொண்டு வகுப்புகளைப் பிரித்தலும் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தலும் கூடா. ஊழியர் அனைவர்க்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி அளித்தல் வேண்டும். உதவி எண்களைக் கண்ணில் படும்படி எழுதி வைத்தல் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், ‘நம் பள்ளியில் இவை உள்ளனவா?’ என்று எழுந்து கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

ஆசிரியர் பயிற்சி மட்டும் போதுமா? 2015 இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 168 பள்ளிகளில் 11,110 மாணவரிடையே நடந்தது. மாணவர்க்கே மனநலத்தைப் பற்றிக் கலந்துரையாடலாலும் நடித்துக் காட்டலாலும் கற்பித்த பள்ளிகளில், ஓராண்டின் பின் தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆசிரியர்க்கு மட்டும் பயிற்சி அளித்த பள்ளிகளில் அத்தகைய வேறுபாடு தெளிவாகக் காணப்படவில்லை. காரணம் நாம் ஊகிக்கக் கூடியதே: பிள்ளை தன் துயரத்தை முதலில் சொல்வது ஆசிரியரிடம் அன்று, தோழனிடம். அத்தோழனுக்கு நாம் கற்பிக்க வேண்டியது ஒரே பாடம். ‘நண்பன் உயிரைப் பற்றிய இரகசியம் காக்கத்தக்க இரகசியம் அன்று, நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்.’ இது காட்டிக்கொடுத்தல் ஆகாது; நம் ஞாயிறு அறநெறி வகுப்பிலேயே இதனைக் கற்பிக்கலாம்.

வீட்டில் ஒரு காவல்

நம் குலத்தார் பலர் உழவர்கள். வீட்டின் தாழ்வாரத்திலும் பம்புசெட் அறையிலும் பூச்சிமருந்து திறந்தே கிடக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், ஊருக்குப் பொதுவாக ஓர் அறை கட்டி, ஒவ்வோர் உழவர்க்கும் பூட்டுடன் பெட்டி கொடுத்து, மருந்தை வீட்டில் வையாமல் அங்கே வைக்கச் செய்தனர் சிநேகா அமைப்பினர். அவ்வூர்களில் அதனால் நேர்ந்த இறப்புகளும் முயற்சிகளும் குறைந்ததாக அவர்கள் ஆய்வு காட்டியது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தபின், 1995 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்த தற்கொலை விகிதம் எழுபது விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. எழுச்சி தணியும் வரை கைக்கு எட்டாதிருந்தால் உயிர் தப்பும் என்பதே இதன் பொருள். ஆதலின் மருந்து மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி, சாவியைப் பெரியவர் வைத்திருங்கள். உயிரைக் கொல்லும் பொருளைக் கருத்தோடு கையாளுதல் நம் அணுவிரதத்திற்கும் இசைந்தது.

உதவி கிட்டும் இடங்கள்

டெலி மானஸ், 14416: ஒன்றிய அரசால் 2022 அக்டோபர் 10 இல் தொடங்கப்பட்டது, கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம்.
தமிழக அரசின் மருத்துவ உதவி எண், 104.
பள்ளிக் கல்வித்துறை உதவி எண், 14417.
குழந்தைகள் உதவி எண், 1098.
சிநேகா, 044-24640050: மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986 இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு, தன்னார்வலர்கள் பேசுவதைக் கேட்பார்கள்.

நேரில் செல்வதற்கு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கியிருந்து சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை அங்குத் தொடக்க முதல் போற்றப்படுகிறது. அழிந்தோரை நிறுத்துதலில் உடனிருத்தல் எத்துணை முதன்மையானது என்பதற்கு நம் ஊரின் எல்லையிலேயே சான்று உள்ளது.

படித்துக் கலந்துரையாட வினாக்கள்

1. உபகூஹனத்திற்கும் ஆபத்தை மறைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொற்களில் கூறுக.
2. வாரிஷேணர் செய்த மூன்று செயல்களை ஓர் ஆசிரியர் வகுப்பறையில் எவ்வாறு செய்யலாம்?
3. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று நண்பன் வேண்டினால், அவனிடம் என்ன சொல்வீர்? சொல்லிப் பழகுக.
4. சல்லேகனைக்கும் தற்கொலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி ஐந்து வாக்கியங்களில் எழுதுக.
5. உங்கள் வீட்டில் பூட்டி வைக்க வேண்டிய பொருள்கள் யாவை? இன்றே பூட்டுக.

இதனைப் படிக்கும் உங்களுள் எவர்க்கேனும், பெரியவராயினும் இளையவராயினும், அவ்வெண்ணம் இப்போது உள்ளத்தில் இருக்குமாயின், இக்கட்டுரையை மடித்து வைத்துவிட்டு அருகிலுள்ள ஒருவரிடம் சொல்லுங்கள். அல்லது 14416 ஐ அழையுங்கள். பிறர்க்கு அபயம் அளிப்பது போலவே, அபயம் கேட்பதும் இழிவன்று.

எல்லா உயிரும் அச்சம் நீங்கி வாழ்க.